இறங்கி வந்தாங்க

வெங்காயம் நறுக்கும்போதுதான் என் மருமகள் ஆளைக் கொல்வாள். கைப்பேசியை மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, பேசப் பேச எழுதிக்கொள்ளும் வசதியை முடுக்கிவிட்டுக் கத்தியை எடுப்பாள். கண்ணில் நீர் வழிய வழிய, "செக்ரட்டரி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார், கையில் பாதி குடித்த டீ" என்று சொல்லிக்கொண்டே போவாள். ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பலகையில் வெங்காயம் இருக்கிறதே.

அந்தக் கைப்பேசி நாணயமான குமாஸ்தா. காதில் விழுந்த எதையும் விடாது. நாவலின் முதல் படியில் இப்படி ஒரு வாக்கியம் இருந்ததை நானே படித்தேன்: "இன்ஸ்பெக்டர் பிணத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உப்பு போதுமான்னு பாருங்க மாமா என்றார்." மாமா நான்தான். உப்பு குறைவாகத்தான் இருந்தது.

காலையில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. பிற்பகல் முழுக்க வீடு. வீடு என்றால் லிஃப்ட் பழுது பார்க்கும் என் மகன், எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி, நான், என் மனைவி. துவைக்கும் இயந்திரம் சுற்றும் நேரத்தில் உட்கார்ந்து ஓர் அத்தியாயத்தைத் திருத்துவாள். அது நின்று கூவும்போது அத்தியாயமும் முடிந்தாக வேண்டும். "ஒவ்வோர் அத்தியாயமும் சட்டென்று நெஞ்சைப் பிடித்து நிறுத்துகிறது" என்று பின்னாளில் ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். அந்தப் பாராட்டு இயந்திரத்துக்குச் சேர வேண்டியது.

விளம்பரத்தை அவள் நாவல் முடியும் முன்பே தொடங்கிவிட்டாள். மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, வாய் மரத்துப்போகும் வரை நோயாளிகளை வெளியே உட்காரச் சொல்வார் அல்லவா? அவர்கள்தான் அவளுடைய முதல் வாசகர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவாள். "வாய் மரத்தவங்க மறுத்துப் பேச மாட்டாங்க மாமா" என்பாள். மருத்துவர் நல்ல மனிதர், கண்டும் காணாமல் இருந்தார். ஒருநாள் இவள் கோப்புகளை அடுக்கியபடியே, "டாக்டர், இதய நோய் மாத்திரை எத்தனை போட்டா டீயில கசப்பு தெரியாது?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து மருந்து அலமாரியின் சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அவர் டீ குடிப்பதையும் நிறுத்திவிட்டதாக இவள் சொல்கிறாள். அதை நான் சரிபார்க்கவில்லை.

அரை நிமிடக் காணொளிகள் போடுங்கள் என்று பதிப்பாளர் சொன்னார். மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடியே ஒன்று எடுத்தாள். "ஒரு குடியிருப்பு. ஒரு கொலை. ஒரு ரகசியம்" என்று அவள் தாழ்ந்த குரலில் சொல்ல, பின்னால் கொடியில் என் பனியன் காற்றில் உப்பி உப்பி ஆடிக்கொண்டிருந்தது. நாவலைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. "அந்த பனியன் யாருது? அதுல ஏதோ க்ளூ இருக்கு" என்று எழுதியவர்கள் அதிகம். பேத்தி அன்றிலிருந்து தன் வகுப்பில், அம்மா வேறு யாரோ என்பது போல நடந்துகொள்கிறாள்.

என்ன மாதிரியான நாவல் என்று என் மனைவி ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"கொலை நடக்கும் அத்தை. ஆனா ரத்தம் கிடையாது, கத்தல் கிடையாது. யாரும் பயப்பட மாட்டாங்க. டீ குடிச்சுக்கிட்டே யாருன்னு கண்டுபிடிப்பாங்க."

"செத்தவங்களுக்கு அது தெரியுமா?"

"எது?"

"பயப்பட வேண்டாம்னு."

என் மகனின் இலக்கியப் பங்களிப்பையும் சொல்லிவிட வேண்டும். முதலில் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி லிஃப்ட் பள்ளத்தில் விழுந்து சாவதாகத்தான் எழுதியிருந்தாள். அவன் படித்துவிட்டு ஒரு மணி நேரம் வாதாடினான். "கூண்டு வந்து நிக்காம கதவு திறக்காது. அப்படித் திறந்தா அது என் வேலைக்கு அவமானம். வேற எங்கயாவது வெச்சுக் கொல்லு." அவள் கொலையைச் சங்க அலுவலகத்துக்கும் டீக்கோப்பைக்கும் மாற்றினாள். மகன் லிஃப்டைக் காப்பாற்றிவிட்டான். செக்ரட்டரியைக் காப்பாற்ற எங்கள் வீட்டில் நாதியில்லை.

கதையின் முடிச்சு என் மனைவியிடமிருந்து வந்தது. அவளுக்கு உலகத்தில் எல்லாருமே 'அவங்க'தான். குழாய் சரி செய்ய வருபவர் அவங்க. அவர் மனைவி அவங்க. ஜன்னல் வழியே வந்து பாலைக் குடிக்கும் பூனையும் அவங்க. ஒருமுறை என் சைக்கிளைத் திருடன் கொண்டு போனபோது, "எடுத்துட்டுப் போயிட்டாங்க, பாவம் என்ன அவசரமோ" என்றாள். ஒருநாள் மருமகள் வேலையிலிருந்து திரும்பியதும், "அவங்க வந்தாங்க, இருந்து பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள். யார் என்று கேட்டால், "அவங்கதாம்மா, அன்னிக்குக் கூட வந்தாங்களே." வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா நால்வரா என்று அன்று மாலைவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மருமகள் சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது.

அப்படிப் பிறந்தது பதினோராம் அத்தியாயம். கொலை நடந்த நேரத்தில் யார் வெளியே வந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். குடியிருப்பின் காவலாளி, "மூணாவது மாடியில இருந்து ஒரே ஒரு ஆள் இறங்கி வந்தாங்க" என்கிறான். மூன்றாவது மாடியில் இருப்பது பாட்டு டீச்சரும், கால் விளங்காமல் சக்கர நாற்காலியில் இருக்கும் அவர் கணவரும். ஆகவே வந்தது டீச்சர் என்று இன்ஸ்பெக்டர் உட்பட எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இறங்கி வந்தது கணவர். கால் விளங்கவில்லை என்பது நாடகம். நாவல் முழுவதும் 'வந்தாங்க' என்ற அந்த ஒரு சொல்லின் தயவில் நிற்கிறது. இதைச் சொல்லிவிட்டதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. படிக்கிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று பதிப்பாளர் கவலையோடு சொன்னார்.

அந்தப் பதிப்பாளரே, இதே இன்ஸ்பெக்டரை வைத்து இரண்டாவது நாவல் ஒன்று கொடுங்கள் என்றும் கேட்டிருந்தார். அவள் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். வேலை, வீடு, பேத்தியின் பரீட்சை என்று காரணங்கள் சொன்னாள். உண்மைக் காரணம் என் மனைவி. தொலைக்காட்சியில் எந்தத் துப்பறியும் தொடர் வந்தாலும் காய்கறி ஆய்ந்தபடியே நிமிர்ந்து பார்த்து, "இவங்கதான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வாள். ஒருமுறையும் தப்பியதில்லை. தொடர் எடுத்தவர்களுக்கே தெரியாத கட்டத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"வீட்டுல இருக்கற ஒரு ஆளை ஏமாத்த முடியலைன்னா ஊர்ல யாரை ஏமாத்தறது?" என்றாள் மருமகள். "அத்தை, நீங்க படிங்க. கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி நிறுத்திட்டு யாருன்னு சொல்லணும். சரியாச் சொல்லிட்டீங்கன்னா இதோட நான் எழுதறதை விட்டுடறேன். வேளா வேளைக்குச் சூடாச் சாப்பாடு போடறேன்."

"என்ன நீ" என்றான் மகன் அவளிடம், சூடான சாப்பாடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து.

"விளையாட்டுக்குச் சொல்லல."

என் மனைவி அவள் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். "படிக்கிறேன். எனக்கென்ன. ஆனா பாதியிலேயே சொல்லிடுவேன், அப்புறம் அழக்கூடாது."

"வெங்காயம் நறுக்கற நேரம் தவிர நான் அழறதில்ல அத்தை."

புத்தகக் கட்டு அச்சகத்திலிருந்து வந்த அன்று மருமகள் வேலையில் இருந்தாள். என் மனைவி காய் நறுக்கும் கத்தியால் கயிற்றை அறுத்து, மேலாக இருந்த பிரதியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். மாலையில் வந்த மருமகள் இன்னொரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தாள், அட்டையைத் தடவினாள், நேரே பதினோராம் அத்தியாயத்தைப் பிரித்தாள். பிறகு, பால் பொங்கி வழிவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவள் போல நின்றாள்.

"மூணாவது மாடியில இருந்து ஒரே ஒரு ஆள் இறங்கி வந்தான்."

பதிப்பாளரைக் கூப்பிட்டாள். அவர் மெய்ப்புத் திருத்தும் பெரியவரிடம் போனைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். கைப்பேசியில் ஒலிபெருக்கி போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அம்மா, 'ஒரே ஒரு ஆள்' ஒருமை. 'வந்தாங்க' பன்மை. ஒருமை பன்மை மயக்கம். எப்படி விட முடியும்?"

"ஐயா, அது மரியாதை. அவன் பேசறது."

"மரியாதை வேற, இலக்கணம் வேற. அதுவுமில்லாம வீட்டுப் பேச்செல்லாம் கதையில கலந்திருக்கு, பாத்து எடுங்கன்னு எனக்குச் சொன்னாங்க. உப்பு போதுமான்னு இன்ஸ்பெக்டர் இன்னும் ரெண்டு இடத்துல கேட்டிருந்தார். எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன்."

"அதுக்கு நன்றிங்க. ஆனா கொலைகாரனைக் காட்டிக் கொடுத்துட்டீங்களே."

"அப்படியா? யாரு?" என்றார் அவர். நாவலை எழுத்தெழுத்தாகப் படித்திருந்தார். கதையாகப் படிக்கவில்லை.

மறு அச்சு முடியாது என்று பதிப்பாளர் கைவிரித்தார். 'வந்தாங்க' என்று பொடி எழுத்தில் அச்சிட்ட ஒட்டுத்தாள்களுடன் அவள் வந்தாள். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் உட்கார்ந்து ஒட்டினோம், என் மனைவியைத் தவிர. அவளிடம் அட்டையில் விலை தவறாக அச்சாகிவிட்டது என்று சொல்லியிருந்தோம்.

"கொஞ்சம் கோணலா ஒட்டினா பரவாயில்லையா?" என்றான் மகன்.

"கோணலா இருந்தா எவனாவது பிச்சுப் பாப்பான். பாத்தா கீழே கொலைகாரன் உக்காந்திருப்பான்."

"நேரா இருந்தாலும் பிச்சுப் பாப்பாங்கம்மா" என்றாள் பேத்தி. "நான்னா அதைத்தான் பாப்பேன்."

அப்போதுதான் என் மருமகளின் மூளை எந்த வார்ப்பு என்பதை நேரில் கண்டேன். மறுநாள் இன்னும் பல ஒட்டுத்தாள்கள் வந்தன. 'ஜன்னல்', 'ஆனால்', 'செவ்வாய்க்கிழமை', 'டீ'. சரியாகவே அச்சாகியிருந்த சொற்களின் மேல் அதே சொற்களை ஒட்டினோம். அடையாள அணிவகுப்பில் ஒரு குற்றவாளியோடு நான்கு அப்பாவிகளையும் நிறுத்துவார்களே, அது போல. முதல் ஒட்டைப் பிய்த்துப் பார்ப்பவருக்கு 'ஜன்னல்' கீழே 'ஜன்னல்' கிடைக்கும். பைத்தியக்கார வீடு என்று நினைத்து விட்டுவிடுவார். பல் மருத்துவர் தன் பிரதியைப் புரட்டிவிட்டு, "இத்தனை அடைப்பு ஒரே வாயில நான் பாத்ததில்ல" என்றாராம்.

அச்சகத்திலிருந்து நேரே ஒரு புத்தகக் கடைக்குச் சில பிரதிகள் போயிருந்தன. வேலை விட்டு வரும் வழியில் அங்கே நுழைந்து, அலமாரிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தவளை விற்பனையாளர் பிடித்துவிட்டார். இந்த இடத்தில் நான் இல்லை. அவளிடமும், அழைத்துவரப் போன மகனிடமும் தனித்தனியே கேட்டு, இருவரும் ஒத்துச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"புத்தகத்துல எதையும் ஒட்டக் கூடாதுங்க."

"இதை எழுதினதே நான்தாங்க."

அவர் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். "போட்டோவுல இருக்கறவங்க பளிச்சுன்னு இருக்காங்களே."

"அன்னிக்கு நான் சமைக்கல."

"சரி, எழுதினது நீங்கன்னா யார் கொன்னாங்கன்னு சொல்லுங்க. நம்பறேன்."

"அதை எப்படிச் சொல்றது? படிக்கிறவங்களுக்குச் சொல்லக் கூடாது."

"அப்ப எழுதினது நீங்க இல்ல."

வேறு வழியில்லாமல் அவர் காதில் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அட, அவங்களா" என்றார். பிறகு அவரே பாதிப் பிரதிகளுக்கு ஒட்டிக் கொடுத்தார்.

இப்படி ஊரில் இருந்த பிரதிகள் எல்லாம் நேராயின. மிச்சம் ஒன்று. அது என் மனைவியின் தலையணைக்கு அடியில் இருந்தது.

பிற்பகலில் ஓர் அத்தியாயம் என்று அவள் படித்துவந்தாள். "முடிக்கிற வரைக்கும் யாரும் தொடாதீங்க. நடுவுல வந்து எதையாவது மாத்திடுவே நீ" என்று மருமகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். தவறு இருக்கிறது என்று உடைத்துச் சொல்லிவிடேன் என்றேன். "தப்பு இருக்குன்னு சொன்னா தேடுவாங்க மாமா. தேடினா கண்டுபிடிப்பாங்க" என்றாள். வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டே வீட்டில் நடமாடினாள். பாத்திரம் கழுவினால் ஈரத்தில் விழுந்துவிடும், வேறொன்று ஒட்டிக்கொள்வாள். "உறை மாத்தித் தரேன் அத்தை, தலையணையைக் குடுங்க" என்று பார்த்தாள். தலையணை வந்தது, புத்தகம் வரவில்லை. "உங்களுக்குப் போன் அத்தை" என்று பார்த்தாள். புத்தகமும் கூடவே போனுக்குப் போனது.

"மாமா, நீங்க எடுத்துக் குடுங்களேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையணைக்கு அடியில் கைவிட எனக்கு அனுமதி கிடைத்ததில்லை என்பதை அவளுக்கு விளக்கினேன்.

அவள் எரிந்து விழ ஆரம்பித்தாள். இரண்டு நாள் கைப்பேசி மாவு டப்பா பக்கமே போகவில்லை. பதிப்பாளர் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. மகன் லிஃப்ட் கதை ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தான். "உங்கம்மா எந்த அத்தியாயத்துல இருக்காங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. என் மனைவி புத்தகத்தோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கடைசி அத்தியாயம் தொடங்கும் இடத்தில் மூக்குக் கண்ணாடியின் உறையைச் செருகியிருந்தாள். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. அவள் எழுந்து போனாள். புத்தகம் மேசையிலேயே இருந்தது.

மருமகள் ஒரே தாவலில் வந்தாள். கண்ணாடி உறையை அசைக்காமல் பதினோராம் அத்தியாயத்தைப் பிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்ததால் எனக்கும் தலைகீழாகத் தெரிந்தது. 'வந்தான்' என்பதில் கடைசி எழுத்து நீல மையால் அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேலே, பால் கணக்கு எழுதும் அதே உருண்டைக் கையெழுத்தில் 'ங்க' என்று இருந்தது.

விரல் ஒட்டுத்தாளோடு அந்தரத்தில் நின்றது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"யாரும்மா?" என்றேன் என் மனைவியிடம்.

"அவங்கதான். வந்தாங்க, போயிட்டாங்க." உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "ஏம்மா, இங்க வா. நிறுத்திட்டேன். சொல்லட்டுமா?"

"சொல்லுங்க அத்தை."

"பாட்டு டீச்சர். அவதான். சந்தேகமே இல்ல. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

நாவலில் பாட்டு டீச்சரின் முகத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அது போகட்டும். பூனையையும் திருடனையும் 'அவங்க' என்றவள் வாயிலிருந்து 'அவ' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தோத்துட்டீங்க அத்தை" என்றாள் மருமகள்.

"அப்படியா? வயசாயிடுச்சு எனக்கு." என் மனைவி கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள். "அப்ப சூடான சாப்பாடு கிடையாது இனிமே."

"போச்சு" என்றான் மகன்.

மருமகள் சமையலறைக்குள் போனாள். கைப்பேசியை மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள். கூடையிலிருந்து பெரிதாக ஒரு வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"இப்பதானே சாப்பிட்டோம், எதுக்கு வெங்காயம்?" என்று மகன் கேட்டான்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நறுக்க ஆரம்பித்தாள்.